பைத்தான் ஸ்கிரிப்ட் திறக்க நேரமாகிறதா?

அட்டவணைக் கணக்குப் போட உதவும் பாண்டாஸ் மாதிரி கனமான மாட்யூலை ஏற்றச் சொல்லும் இம்போர்ட் வரியைக் கோப்பின் தலையிலிருந்து எடுத்து, அது தேவைப்படும் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையின் பழைய கம்ப்யூட்டரில் பில் போட பாண்டாஸ் எதற்கு? ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஏறினால் போதும். ஃபங்ஷனைப் பத்து முறை அழைத்தாலும் மாட்யூல் ஒரு முறைதான் ஏறும். பைத்தான் அதை சிஸ் டாட் மாட்யூல்ஸ் என்ற டிக்‌ஷனரியில் போட்டுவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். எந்த மாட்யூல் நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க, பைத்தான் 3.7 முதல் இம்போர்ட்டைம் என்றே ஓர் ஆப்ஷன் இருக்கிறது.

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இது வேண்டாம். மாட்யூல் ஏறும்வரை முதலில் வருகிறவர் காத்துக்கிடப்பார். அப்புறம், ஜவுளிக்கடையிலும் ஒரு சிக்கல் உண்டு: மாட்யூல் இன்ஸ்டால் ஆகவில்லை என்பதே ராத்திரி கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும்.