ஒரு லட்சம் பேர் வாழும் கற்பனைக் கட்டடம்: காற்றுக்குழியிலிருந்து தொடங்குவோம்

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒரு மாபெரும் கட்டடத்தைக் கற்பனை செய்கிறவர்கள் முதலில் வெளித்தோற்றத்தைத்தான் வரைவார்கள். நான் காற்றுக்குழியை முதலில் வரையச் சொல்வேன். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் கருவாடு பொரித்தால் ஏழாம் மாடியில் எங்கள் குளியலறை மணக்கும். எல்லா வீட்டுக் காற்றையும் ஒரே குழிக்குள் விட்டிருக்கிறார்கள். கட்டி முடித்தபின் அதைத் திருத்துவது பெரும்பாடு. தாளில் என்றால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம்.

நமது கட்டடம் கொழும்புக் கடலோரத்தில் நிற்கட்டும். 100 மாடி, மாடிக்கு 1,000 பேர். மாடிக்கு மூன்றரை மீற்றர் வைத்தால் உயரம் 350 மீற்றர், கிட்டத்தட்டத் தாமரைக் கோபுரம்.

படி 1: மூச்சுக் கணக்கு

ஆளுக்கு செக்கனுக்கு 10 லீற்றர் புதுக்காற்று என்று வையுங்கள். ஒரு லட்சம் பேருக்கு அது 1,000 கன மீற்றர். குழிக்குள் காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போனால் குழியின் வாய் 200 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அதாவது 14 மீற்றருக்கு 14 மீற்றர், கீழிருந்து மேல்வரை. வெளியேறும் காற்றுக்கும் அதே அளவு இன்னொன்று. வீடுகளுக்கு இடம் எங்கே?

அதனால் பிரியுங்கள். 20 மாடிக்கு ஓர் இயந்திர மாடி. அங்கேயே சுவர் வழியாகக் காற்றை இழுத்து அந்த 20 மாடிக்கு மட்டும் கொடுத்தால் 40 சதுர மீற்றர் போதும். அதையும் நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறையளவுதான். உள்வாயும் வெளிவாயும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். தென்மேல் பருவக்காற்றில் சரியாக வேலை செய்யும் அமைப்பு, வடகீழ் காற்றில் விட்ட காற்றையே திருப்பி இழுக்கலாம்.

படி 2: காற்றின் திசை

கூடத்திலிருந்து குசினிக்கு, குளியலறைக்கு, பிறகு வெளியே. இதை இன்றே உங்கள் வீட்டில் பாருங்கள்: ஊதுபத்தியைக் குளியலறைக் கதவின் அடியிடுக்கில் பிடியுங்கள். புகை உள்ளே போனால் நல்லது. உங்கள் பக்கம் திரும்பினால் அந்த வீட்டில் மணம் கூடத்துக்கு வரும். தப்பிச் செல்லும் படிக்கட்டுக்கு மட்டும் எதிர்முறை: வெளிக்காற்றைத் திணித்து அழுத்தம் கூட்டினால் புகை உள்ளே நுழையாது.

படி 3: ஈரம்

30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள கொழும்புக் காற்று, 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். குளிர்நீர்க் குழாய்கள் 7 பாகை அளவில் ஓடுபவை. உறை போடாவிட்டால் கூரைத்தகடு ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

படி 4: தண்ணீர்

நாளுக்கு ஆளுக்கு 150 லீற்றர் என்றால் ஒன்றரைக் கோடி லீற்றர், 15,000 தொன். அதைக் கூரையில் ஏற்ற நினைக்க வேண்டாம். 10 மீற்றருக்கு ஒரு பார் அழுத்தம் கூடுவதால் தரைமாடிக் குழாயில் 35 பார் நிற்கும். வீட்டுக்கு மூன்றே தாராளம். நிலத்தடியில் பெரிய தாங்கி, ஒவ்வோர் இயந்திர மாடியிலும் சின்னத் தாங்கி, கீழ்மாடிகளுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு.

கழிவுக் குழாயுடன் ஒரு காற்றுக் குழாயும் கூடவே ஏறட்டும். இல்லாவிட்டால் மேலிருந்து விழும் தண்ணீர், வழியிலுள்ள பேசின்களின் அடிவளைவில் தேங்கிய நீரை உறிஞ்சிவிடும். அப்புறம் அந்த வளைவு வழியாக நாற்றம் வீட்டுக்குள்.

படி 5: கரண்ட் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். ஜன்னல் திறக்காத கட்டடத்தில் அது எப்படியிருக்கும்? 30 கன மீற்றர் அறையில் இரண்டு பேர் சும்மா இருந்தால் காபனீரொட்சைட்டு மணிக்குச் சுமார் 1,200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) ஏறும். வெளிக்காற்றிலேயே 420 அளவில் இருக்கிறது. உடனே உயிர் போகாது. வியர்வை காயாது, தலை கனக்கும், கண் சொக்கும். ஜெனரேட்டரில் முதல் பங்கு விசிறிகளுக்கு, அடுத்தது பம்புகளுக்கு, குளிரூட்டி கடைசி. இப்போது 41 முதல் 60 வரையுள்ள மாடிகளுக்குக் காற்று கொடுக்கும் 41ஆம் மாடி விசிறியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். 60ஆம் மாடிவரை யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்று மணிவாரியாக எழுதுங்கள்.