கடற்கரையில் களை எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடிக்கு மேற்கே, வண்டி போகாத ஒரு மணல்மேட்டில் கல்லூரிப் பிள்ளைகளோடு களை எடுக்கப் போயிருந்தோம். ஒரு தம்பி ஒரு கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். கணுவுக்குக் கணு வேர் மணலிலிருந்து பிய்ந்து வந்தது; கையில் பதினைந்து அடிக் கொடி. "அண்ணே, எவ்வளவு பெரிய களை பாருங்க!" என்றான். நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ. அது அடம்பு. பிடுங்கிய இடத்தில் மணல் அப்போதே சரிய ஆரம்பித்துவிட்டது.

நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான். எதைப் பிடுங்க வேண்டும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் படித்துக்கொள்ள வேண்டும். அடம்பு, இராவணன் மீசை, தாழை மூன்றும் நம் கரைக்குச் சொந்தமானவை. காற்று கொண்டுவரும் மணலை இராவணன் மீசையின் முள் இலைகள் தடுத்து நிறுத்தும். மணல் மூட மூட அது மேலே வளரும். மேடும் கூடவே உயரும். 2004 சுனாமியில் பாலமே அடித்துப் போன மணக்குடியில் இந்த மேட்டின் அருமையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் வேலை தொடங்கும் முன், செடிகள் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடங்கள். எடுக்க வேண்டியதில் மட்டும் சிவப்புத் துணி கட்டுங்கள். ஊர் கமிட்டியிலும் வனத்துறையிலும் முன்னமே சொல்லிவிடுவது நல்லது.

எடுக்க வேண்டியவை எவை? சீமைக் கருவேலம் (நம் பக்கத்தில் பலரும் உடை என்றே சொல்வார்கள்), உண்ணிச்செடி, ஆற்றோடு வரும் ஆகாயத் தாமரை. மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

உடையை வெட்டுகத்தியால் தரையோடு வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்புவது அடுத்த தவறு. ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்கு ஏழெட்டுத் தண்டு நிற்கும். தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, அதற்கு மொட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதி முழுவதும் வர, ஓரடி ஆழத்துக்காவது தோண்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும், வேலை சுலபம். காய் முற்றிய மரமாக இருந்தால் முதலில் காய்களைச் சாக்கில் பொறுக்குங்கள். இனிப்பான காய், ஆடு மாடு விரும்பித் தின்னும். விதை சாணத்தோடு புதிய இடத்தில் போய் முளைக்கும்.

ஒரே நாளில் மேடு முழுவதையும் மொட்டையடிப்பதும் வேண்டாம். ஜே.சி.பி.யை மேட்டில் ஏற்றவே கூடாது. துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் அன்றே அடம்பை வையுங்கள். அந்தத் தம்பி பிடுங்கிய கொடியை நாங்கள் மூன்று கணு வருகிற மாதிரி நறுக்கி, இரண்டு கணுவை ஈர மணலில் புதைத்தோம். மழைக்காலத்தில் அது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் வேலை வேறு மாதிரி. குளங்களிலிருந்து மிதந்து வரும் ஆகாயத் தாமரை உப்புத் தண்ணீர் பட்டதும் செத்து அழுகும். அதை வாரிக் கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த வெள்ளம் திரும்ப இழுத்துக்கொண்டு போகும். வெள்ளம் எட்டாத மேட்டுக்குச் சுமந்து போய்க் காயப்போடுங்கள். அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றில் குச்சி குச்சியாக நிற்பவை அவற்றின் மூச்சு வேர்கள், மிதித்துவிடாதீர்கள்.

காய்ந்த குவியலுக்கு அங்கேயே தீ வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பக்கத்தில் வலை காயும், படகு நிற்கும். தை முதல் பங்குனி வரை மணலுக்குள் ஆமை முட்டைகளும் இருக்கலாம். முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். அந்த மாதங்களில் கடல் பக்கத்து வெறும் மணலில் கடப்பாரை போடாதீர்கள்.

அப்புறம், உங்கள் உயிர். ரப்பர் செருப்போடு வராதீர்கள். உடைமுள் அதைத் துளைத்துக் காலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிடும், கால் வீங்கும். வெயில் அடித்து, காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும்; தூரக் கடலில் கிளம்பி, திடீரென்று கரையில் ஏறும் பேரலையைத்தான் அப்படிச் சொல்வோம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கடலறிக்கையில் எச்சரிக்கை இருந்தால் அன்றைய வேலையைத் தள்ளிப்போடுங்கள். கை கழுவக்கூட அலைக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

படம் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்துக்கு மறுபடி போகாமலே இருக்கிற குழுக்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உடையின் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். முதல் நாளே அடுத்த வருகைக்குத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து மூன்றாவது வாரம் போனால், விரல் நீளக் கன்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஒரு வருடம் விட்டால் அதற்கே கடப்பாரை வேண்டும்.