கோல்ஸ் மலை ஏறலாம் வாங்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகர எல்லைக்குள் மிக உயரமான இடம் கோல்ஸ் மலை. உயரம் 1,593 அடிதான். நவஹோ சாலையும் கோல்ஃப்கிரெஸ்ட் டிரைவும் சந்திக்கும் இடத்தில் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து உச்சிக்கு ஒன்றரை மைல், அதற்குள் சுமார் 950 அடி ஏற்றம். "போக வர மூன்று மைல்தானே" என்று அரை பாட்டில் தண்ணீரோடு கிளம்புகிறவர்கள்தான் இங்கே சிரமப்படுகிறார்கள். தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏற்றத்தையும் வெயிலையும் வைத்துப் போடுங்கள்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். இந்தப் பாதை மலையின் தெற்குச் சரிவில் ஏறுகிறது, அதனால் நாள் முழுக்க வெயில். இருபுறமும் இருப்பது சாப்பரல் என்று சொல்லப்படும் உலர்ந்த புதர்க்காடு. இடுப்புயரம், மிஞ்சினால் தலையுயரம். உட்கார நிழல் தேடினால் கிடைக்காது.

இங்கே மழை பெய்வது குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறட்சி. அதனால் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை புதியவர்களுக்கு நல்ல காலம். மே, ஜூன் காலைகளில் கடலிலிருந்து மேகம் வந்து மூடிக்கொள்ளும். உச்சியில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆனால் ஏறுவதற்குச் சுகம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை போவதென்றால் பொழுது விடியும்போது அடிவாரத்தில் இருங்கள், ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் பாலைவனப் பக்கமிருந்து சாண்டா ஆனா என்ற காய்ந்த காற்று அடிக்கும். தீ எச்சரிக்கை அறிவித்த நாளில் வேறு வேலை பாருங்கள். 2003 அக்டோபரில் இந்த மாவட்டத்தையே எரித்த சீடர் தீ, வழி தவறிய ஒரு வேட்டைக்காரர் உதவிக்கு ஆள் வரட்டும் என்று மூட்டிய நெருப்பில் தொடங்கியது. 2,200க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, 15 பேர் இறந்தார்கள். ஆக, எந்த நிலையிலும் மலையில் நெருப்பு வேண்டாம். சிகரெட்டும் அதில் சேர்த்தி.

படி 2: பை கட்டுங்கள்

குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு. வழியில் குழாய் கிடையாது. ஒரு பாட்டிலில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டுக்கொண்டால் கடையில் விற்கும் வண்ண பானம் தேவையில்லை. உப்புக்கடலை கொஞ்சம். மோர் வேண்டாம், வெயிலில் பொங்கிவிடும்.

தொப்பி, சன்ஸ்க்ரீன், முழுக்கால் பேண்ட். காலணியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள்: பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அது இந்த மலைக்கு ஆகாது. ஏன் என்பது இறங்கும்போது புரியும்.

படி 3: அடிவாரம்

வாகன நிறுத்தம் சிறியது, சனி ஞாயிறுகளில் சீக்கிரம் நிறைந்துவிடும். தெருவோரம் நிறுத்தினால் பலகைகளைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். கழிப்பறை இங்கேதான் இருக்கிறது, மேலே இல்லை.

படி 4: ஏறுங்கள், மெதுவாக

முதல் பத்து நிமிடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். உடம்பு புத்துணர்ச்சியோடு இருப்பதால் வேகமாக ஏறி, இரண்டாவது வளைவிலேயே இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். உயரமான கல்லில் ஒரே எட்டில் ஏறாமல், பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லில் கால் வைத்து இரண்டு எட்டாக ஏறுங்கள். தொடை நன்றி சொல்லும்.

பாதை கொண்டை ஊசி வளைவுகளாகப் போகும். குறுக்கே ஏறினால் மிச்சமாவது சில அடிகள்; ஆனால் அந்தத் தடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி மண்ணை அரித்துவிடும். எதிரே யாராவது இறங்கி வந்தால், வழி ஏறுகிறவருக்கே.

மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் புதரைப் பாருங்கள். நடு நரம்பில் இரண்டாக மடிந்து, மெக்சிகோ டாகோ போல நிற்கும் இலை லாரல் சூமாக். பிளாக் சேஜ் இலையைத் தொட்டு விரலை முகர்ந்தால் புதினா வாடை. துருப்பிடித்த நிறத்தில் காய்ந்து நிற்கும் பூங்கொத்துகள் காட்டு பக்வீட்.

தொடக் கூடாதது பாய்சன் ஓக். ஒரே காம்பில் மூன்று இலை, பெரும்பாலும் பளபளப்பாக இருக்கும். வெயில் சரிவைவிட ஈரமும் நிழலும் உள்ள ஓடைப் பக்கம்தான் அதிகம். இலை உதிர்ந்த குச்சியைத் தொட்டாலும் அரிப்பு வரும்.

ராட்டில்ஸ்நேக் பாம்பும் இங்கே உண்டு. வெயில் காய பாதையிலேயே படுத்திருக்கும். பார்த்தால் நில்லுங்கள், பின்வாங்குங்கள், அது போகட்டும். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். பாறை இடுக்கில் கண்ணால் பார்க்காமல் கை வைக்காதீர்கள், ஒரு காதையாவது ஹெட்ஃபோன் இல்லாமல் விடுங்கள். கடித்துவிட்டால் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அசையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

படி 5: திரும்புவதா, தொடர்வதா

பாதித் தண்ணீர் தீர்ந்தும் உச்சி வரவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தாலும் அப்படியே. யாராவது பேச்சுக் குழறினால் அது சாதாரணக் களைப்பு இல்லை. உடனே 911 அழைத்து, தொப்பியையும் சட்டையையும் நனைத்து விசிறுங்கள்.

படி 6: உச்சி

மேலே ஒரு ஆன்டெனா கோபுரம் நிற்கும், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கே பசிபிக், கீழே லேக் மர்ரி ஏரி, தெற்கே மெக்சிகோ மலைகள். இது குமெயாய் பழங்குடியினரின் நிலம். குளிர்கால நெடிய இரவு முடிந்து சூரியன் எழுவதை அவர்கள் கவனித்த இடம் ஒன்று இந்த மலையில் உண்டு. இன்றும் டிசம்பரில் அந்த விடியலைப் பார்க்க இருட்டிலேயே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 7: இறங்குங்கள்

விழுவது பெரும்பாலும் இங்கேதான். பாறைமேல் பரவிக் கிடக்கும் பொடிக்கல் காலுக்கடியில் உருளும். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல், சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். ஊன்றுகோல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் பிழைக்கும். வழியில் பார்க்கர் வே பாதை பிரியும் இடத்தை ஏறும்போதே படம் எடுத்து வைத்திருங்கள். பேச்சு சுவாரசியத்தில் அந்தப் பக்கம் இறங்கினால் கார் ஓரிடம், நீங்கள் ஓரிடம்.

வீட்டுக்கு வந்ததும் சாக்ஸ் ஓரம், முழங்கால் பின்புறம், இடுப்பு, நாயைக் கூட்டிப் போயிருந்தால் அதன் காது மடல் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியமெல்லாம் வேண்டாம்.