பழைய கேம்பாய் எஸ்பியில் மெட்ராய்டு ஃப்யூஷன்: கேசட் வாங்குவதிலிருந்து முதல் பாஸ் வரை

2002-இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு ஃப்யூஷன் என்ற வீடியோ கேம், கையடக்கக் கருவியில் விண்வெளிச் சாகசம் ஆட விரும்பும் புதியவர்களுக்கு மிக நல்ல தொடக்கம். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை ஆட்டத்துக்குள் வரும் கணினியே வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிடும். ஆனால் போலி கேசட் கையில் சிக்கினால் போட்ட காசு வீண்தானுங்க. அதனால் ஆடுவதைவிட வாங்குவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்கிறோம்.

படி 1: கருவி

2003-இல் வந்த, மடக்கி வைக்கும் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியைத் தேடுங்கள். முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஏஜிஎஸ்-101 என்றிருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி வரும் வகை, அதுதான் மேல். ஏஜிஎஸ்-001 என்றால் முன்னாலிருந்து ஒளி விழும், படம் சற்று வெளிறித் தெரியும். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கலாம் என்பதால் வெளிச்ச பட்டனையும் அழுத்திப் பாருங்கள். 001-இல் விளக்கு அணைந்து எரியும். 101-இல் வெளிச்சம் கூடிக் குறையும், அணையாது.

பேட்டரி மூடிக்கு ஒரே ஒரு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. அதைக் கழற்றிப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதில் சார்ஜ் போடவே கூடாது, 3.7 வோல்ட், 600 எம்ஏஎச் கொண்ட எஸ்பி பேட்டரி தனியாகவே கிடைக்கிறது. இன்னொன்று: இந்தக் கருவியில் ஹெட்போன் துளை கிடையாது. சார்ஜ் துளையில் மாட்டும் அடாப்டர் வேண்டும்.

படி 2: கேசட் அசலா?

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் எடுத்தாலும், இணையத்தில் எடுத்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று அச்சாக இல்லாமல் காகிதத்தில் அழுந்திய தடமாக இருக்கும். அடிப்பக்கத் திறப்பில் தங்க நிறப் பற்களுக்கு (கருவியோடு தொடர்பு தரும் உலோகக் கீற்றுகள்) மேலே, மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரிய வேண்டும். பின்பக்க ஸ்க்ரூவின் தலை மூன்று கால் கொண்ட ஒய் வடிவம். அங்கே ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் போலியாக இருக்கலாம், அல்லது யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். இரண்டில் எது என்றாலும் நிதானமாகப் பாருங்கள்.

படி 3: சுத்தம்

பவர் போட்டதும் கேம்பாய் என்ற எழுத்து வந்து, கீழே நின்டெண்டோ என்ற எழுத்து வராமல் நின்றுவிட்டால், கருவி கேசட்டைப் படிக்கவில்லை. பெரும்பாலும் அழுக்குதான் காரணம். திருப்பூர், பல்லடம் பக்கம் பறக்கும் பஞ்சுத் தூசி போதும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டு, நாளடைவில் பற்கள் அரிக்கும். செல்போன் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) திரவத்தை, 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமானதாக, கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு போதும். பற்களின் நீளவாக்கில் தேய்த்து, குச்சி வெள்ளையாகவே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: சேவ் சோதனை

போலி கேசட்டுகள் நன்றாக ஓடும்; சேவ் மட்டும் கைவிடும். முதல் சேவ் அறையில் சேமித்து, பவரை அணைத்து, கேசட்டைக் கழற்றி ஒரு இரவு வெளியே வையுங்கள். காலையில் சேவ் அப்படியே இருந்தால் நம்பி ஆடலாம். விற்றவரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

படி 5: கைப்பழக்கம்

ஏ குதிக்க, பி சுட. எல் பிடித்தால் சாய்வாகக் குறி வைக்கலாம். மிசைல் கிடைத்ததும், ஆர் பிடித்துக்கொண்டு பி அழுத்தினால் மிசைல் போகும். புதியவர்கள் ஆர் பட்டனை மறந்துவிட்டு, பாஸ் (வழிமறிக்கும் பெரிய எதிரி) சாகவில்லையே என்று திணறுவார்கள். முதல் பத்து நிமிடம் சும்மா நின்று இதை மட்டும் பழகுங்கள்.

எதிரியைச் சுட்டதும் எக்ஸ் என்ற மிதக்கும் உயிரி வெளியே வரும். அதைத் தொட்டு உறிஞ்ச வேண்டும். விட்டால் மறுபடி எதிரியாக உருவெடுக்கும். மஞ்சள் உயிரைக் கூட்டும், பச்சை மிசைல் தரும். பின்னால் வரும் நீலத்தை வேரியா சூட் என்ற பாதுகாப்பு உடை கிடைக்கும் வரை தொடாதீர்கள், அது உங்களையே காயப்படுத்தும்.

படி 6: அரக்னஸ்

முதல் பெரிய பாஸ். முதுகு கெட்டி, அடி ஏறாது. முகத்துக்கு நேரே மிசைல் விடுங்கள். பந்தாகச் சுருண்டு உருண்டு வந்தால் தாண்டிக் குதியுங்கள். செத்ததும் ஆட்டம் முடிந்துவிடாது: உள்ளிருந்து கோர்-எக்ஸ் என்ற உருண்டை வரும், அதன் மேலோட்டை உடைப்பதற்கும் மிசைல் வேண்டும். எல்லாவற்றையும் முன்பே காலி செய்துவிடாதீர்கள். ஓடு உடைந்ததும் போய்த் தொட்டால் மார்ஃப் பால் கிடைக்கும். கீழ்ப் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் நாம் ஆட்டுவிக்கும் நாயகி சாமுஸ் பந்தாகச் சுருண்டு சந்துகளில் நுழைவாள்.

இனி, கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் ஆறு பிரிவுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். மொத்தம் 100 பொருட்கள் ஒளிந்திருக்கின்றன: 20 எனர்ஜி டேங்க், 48 மிசைல் டேங்க், 32 பவர் பாம் டேங்க். சாமுஸைப் போலவே உருக்கொண்ட எஸ்ஏ-எக்ஸ் எதிரே வந்தால் சண்டைக்கு நிற்காமல் ஓடுங்கள்.