ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டம்: முதன்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

கொலம்பஸ் நகருக்கு மேற்படிப்புக்கு வந்திருக்கிறீர்களா? அல்லது வேலைக்காக ஒஹாயோவில் குடியேறியிருக்கிறீர்களா? அப்படியானால் நவம்பர் மாதக் கடைசி சனிக்கிழமைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியும் மிச்சிகன் பல்கலைக்கழக அணியும் மோதும் நாள் அது. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு விதிகூடத் தெரியாமலே போகலாம். நான் சொல்லும் யோசனை இதுதான்: விதிகளை அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், சடங்குகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

படி 1: பகையின் கதை

இந்தச் சண்டை பந்துக்கு முன்பே தொடங்கியது. 1835-36இல் டொலீடோ நகரம் யாருக்கு என்று ஒஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டி எல்லையில் நின்றன. கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. வடக்கே ஏரிகளை ஒட்டிய பெரும் நிலப்பகுதியை வாங்கிக்கொண்டு மிச்சிகன் தனி மாநிலமானது.

முதல் ஆட்டம் 1897இல் நடந்தது. மிச்சிகன் 34-0 என்று வென்றது. 1902இல் 86-0 என்று இன்னும் மோசம். ஒட்டுமொத்தக் கணக்கில் இன்றைக்கும் மிச்சிகனே முன்னால் நிற்கிறது. கொலம்பஸ்காரர்களுக்கு இது உள்ளூர வலிக்கும் விஷயம், பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு பயிற்சியாளர்களின் பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோவின் வூடி ஹேய்ஸ், மிச்சிகனின் போ ஷெம்பெக்லர். போ ஒரு காலத்தில் வூடியிடம் ஆடியவர், அவருக்கு உதவியாளராகவும் இருந்தவர். மிச்சிகனுக்குப் போன முதல் வருடமே, 1969இல், முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியனாக வந்த குருவின் அணியை 24-12 என்று சாய்த்தார். 1978 வரை அவர்கள் மோதிய பத்து ஆட்டங்களைப் ‘பத்தாண்டுப் போர்’ என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள்.

2006இல் முதலிடத்தில் ஒஹாயோவும் இரண்டாமிடத்தில் மிச்சிகனும் இருந்தபோது, ஆட்டத்துக்கு முந்தைய நாள் போ காலமானார். மறுநாள் எதிராளியின் ஸ்டேடியத்திலேயே அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அப்புறம் ஆடினார்கள், ஒஹாயோ 42-39 என்று வென்றது. இந்தப் பகையில் எவ்வளவு மரியாதை கலந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் போதும்.

படி 2: ஊர் மாறுவதைக் கவனியுங்கள்

ஆட்டத்துக்கு முந்தைய வாரமே வளாகத்தைச் சுற்றி வாருங்கள். அறிவிப்புப் பலகைகளில் ‘எம்’ எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். மிச்சிகன் என்ற பெயரை வாயால் சொல்லவும் பலர் மறுப்பார்கள். ‘வடக்கே இருக்கும் அந்த அணி’ என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள், உடனே சிநேகமாகிவிடுவார்கள்.

படி 3: டிக்கெட், உடை

இரட்டைப்படை ஆண்டுகளில் ஆட்டம் கொலம்பஸில், ஒற்றைப்படை ஆண்டுகளில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில். மாணவராக இருந்தால் மாணவர் டிக்கெட்டுக்கு எப்போது பதிவு தொடங்குகிறது என்று செமஸ்டர் ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள். வெளியே வாங்கினால் இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் விலை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும்.

உடை பளிச்சென்ற சிவப்பு அல்லது சாம்பல் நிறம். நீலமும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம், அவை எதிரணியின் நிறங்கள். குளிர் கடுமையாக இருக்கும். 1950இல் பனிப்புயலுக்கு நடுவே நடந்த ஆட்டம் இது. தெர்மல், கையுறை, குல்லா எல்லாம் வேண்டும். ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டால் உள்ளே என்ன நிறம் போட்டிருந்தாலும் தெரியாது, அதனால் ஜாக்கெட்டின் நிறத்தைப் பார்த்து எடுங்கள். பை கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு; கையை வீசிக்கொண்டு போவது நல்லது.

படி 4: சீக்கிரம் போங்கள், பேண்டு குழுவைப் பாருங்கள்

பெரும்பாலும் ஆட்டம் நண்பகலில் தொடங்கும். முதன்முறை போகிறவர்கள் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்பார்கள். பாதித் திருவிழா அதற்குள் முடிந்திருக்கும்.

பேண்டு குழுவினர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ‘ஸ்கல் செஷன்’ என்ற பெயரில் பொதுமக்கள் முன் வாசித்துப் பார்ப்பார்கள். இடத்தையும் நேரத்தையும் அந்த வாரம் பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டேடியம். 1922இல் திறந்த, குதிரைலாடம் போல வளைந்த கட்டடம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். பேண்டு குழு சரிவுப்பாதை வழியாக இறங்கி வரும். தலைவர் அவர்களைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்து, தொப்பியின் இறகு தரையில் படும் அளவுக்குப் பின்னால் வளைவார். அந்த நொடியில் எழும் சத்தத்தில் உங்களுக்கே புல்லரிக்கும்.

அடுத்து வருவதற்காகவே நான் இவ்வளவும் எழுதுகிறேன். ‘ஸ்கிரிப்ட் ஒஹாயோ’. 1936 முதல் நடக்கிறது. முழுக்க பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் மட்டுமே கொண்ட குழு இது. ஒரு பழைய பிரெஞ்சு ராணுவ அணிவகுப்பு இசையை வாசித்தபடி, ஒருவர் பின் ஒருவராகத் தலைவரின் பின்னே நடந்து, கையெடுக்காமல் போடும் ஒற்றை இழைக் கோலம் போல மைதானத்தில் ஒஹாயோ என்ற ஆங்கிலப் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதிவிடுவார்கள். ‘ஐ’ எழுத்தின் மேல்புள்ளி மட்டும் காலியாக இருக்கும். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் வாய் திறந்து நிற்கும் சூசபோன் என்ற பெரிய ஊதுகருவியைச் சுமந்த ஒரே ஒரு மாணவர், காலை உயர்த்தி வீசி நடந்து அந்த இடத்துக்கு வருவார். கருவியின் பாரத்தோடு இடுப்பை வளைத்து இரண்டு பக்கமும் கும்பிடுவார். நான்கு, ஐந்து ஆண்டுகள் குழுவில் இருந்தவர்களுக்கே இந்த வாய்ப்பு. விண்வெளி வீரர் ஜான் கிளென், கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் போன்ற சிலருக்குக் கௌரவமாக அந்த இடம் கொடுத்திருக்கிறார்கள்.

படி 5: விதிகள், கூச்சல்

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. ஆரம்பத்துக்கு இது போதும்.

எப்போது கத்துவது என்பதுதான் முக்கியம். நம் அணி கையில் பந்து இருக்கும்போது அமைதியாக இருங்கள், வீரர்களுக்குத் தலைவனின் குரல் கேட்க வேண்டும். மிச்சிகனின் மூன்றாவது முயற்சி வந்தால் தொண்டை கிழியக் கத்துங்கள்.

ஸ்டேடியத்தின் நான்கு பக்கமும் ஆளுக்கொரு எழுத்தாக ‘ஓ-ஹெச்-ஐ-ஓ’ என்று முழங்குவார்கள். உங்கள் பக்கத்துக்கு எந்த எழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் ‘ஹாங் ஆன் ஸ்லூப்பி’ பாட்டு வரும். அதன் இடைவெளிகளில் அதே நான்கு எழுத்துகளைக் கைகளால் போட்டுக் காட்ட வேண்டும்.

வீரர்களின் ஹெல்மெட்டில் சின்னச் சின்ன இலைகள் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். ஒஹாயோவின் மாநில மரமான ‘பக்ஐ’ மரத்தின் இலை அது. நன்றாக ஆடியதற்கான பரிசு. மிச்சிகனை வென்றால் கிடைப்பது வேறு: தங்கத்தில் ஒரு குட்டிக் கால்சட்டை. 1934இல் பயிற்சியாளராக வந்த பிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள் என்றார். அதிலிருந்து வந்த வழக்கம். இது இல்லாமலே படிப்பை முடிக்கும் வீரர்களுக்கு அது ஆறாத குறை. 2024 பருவத்தில் ஒஹாயோ தேசியச் சாம்பியன் பட்டமே வென்றது; ஆனால் அதே பருவத்தில் சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றதை இன்னும் பேசுகிறார்கள்.

படி 6: முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள்

வென்றாலும் தோற்றாலும் வீரர்கள் தெற்குப் பக்க மாணவர் கூட்டத்தின் முன் வந்து தோள்மேல் கைபோட்டு ‘கார்மென் ஒஹாயோ’ பாடுவார்கள். அந்த 86-0 தோல்விக்குப் பிறகு, திரும்பும் ரயிலில் ஒரு மாணவர் எழுதியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வார்த்தை தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை போட்டு நில்லுங்கள்.

மைதானத்துக்குள் மட்டும் இறங்க வேண்டாம். 2024 ஆட்டம் முடிந்ததும் நடுவில் மிச்சிகன் கொடியை நடப்போய்க் கைகலப்பாகி, போலீஸார் மிளகு ஸ்பிரே அடிக்கும் வரை போனது.

ஒஹாயோ வென்றால் தென்கிழக்குக் கோபுரத்தில் வெற்றி மணி அடிப்பார்கள். மற்ற ஆட்டங்களுக்குக் கால் மணி நேரம், மிச்சிகனை வென்றால் அரை மணி நேரம். அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் பஸ் நிறுத்தத்தில் கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.