'தொகை' என்று தேடினால் பாதிப் பதில்கள் வராத பிரச்சினை – என் அனுபவம்

அலுவலகக் குழுவுக்குள் கேள்வி பதில் பகிர ஒரு கருவியை எங்கள் சர்வரிலேயே ஓட்டுகிறோம். அதில் 'தொகை' என்று தேடினால் சில பதிவுகள் வரும், சில வராது. வராதவற்றைத் திறந்து பார்த்தால் அதே சொல் கண்ணெதிரே இருக்கும். விளைவு, ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியையே ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள்.

தேடல் இண்டெக்ஸை (எந்தச் சொல் எந்தப் பதிவில் உள்ளது என்ற பட்டியலை) அழித்துத் திரும்பக் கட்டினேன். பயனர் அனுமதிகளைப் பார்த்தேன். பிரவுசர் கேஷைக்கூட விடவில்லை. எதுவும் உதவாமல் பல நாள் வீணானது.

துப்பு கொடுத்தது பேக்ஸ்பேஸ் விசை. தேடலில் வரும் பதிவில் 'தொ'வுக்குப் பின் ஒருமுறை தட்டினால் 'த' மிஞ்சியது. வராத பதிவில் 'தெ' மிஞ்சியது! கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். வேறு கோப்புகளிலிருந்து ஒட்டிய பதிவுகள் இரண்டாவது வகை. நீளத்தை எண்ணிப் பார்த்தேன்: ஒரு 'தொகை'க்கு 4, இன்னொன்றுக்கு 5.

அப்புறம் வேலை சுலபம். பதிவுகள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. பேக்கப் எடுத்துவிட்டு, பழைய பதிவுகளை எல்லாம் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றி, இண்டெக்ஸை மறுபடி கட்டினேன். புதிய பதிவுக்கும் தேடல் சொல்லுக்கும் அதே மாற்றம் நடக்க வைத்தேன். இப்போது எல்லாம் வருகிறது, நிம்மதி.

ஔகாரத்துக்கு மட்டும் கவனம். 'கௌ'வுக்குப் பதில் 'கெ'யும் 'ள'வும் அடித்திருந்தால் இந்த ஃபங்ஷன் தொடாது. அவற்றைத் தனியாகத் தேடிக் கையால்தான் திருத்தினேன்.