டீசல் பம்ப், நாசில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு லோடு ஏற்றிப் போகிறவர்களுக்குப் புளியரை எஸ் வளைவில் வண்டி திணறுவது புதிதல்ல. இறங்கியதும் மெக்கானிக்கிடம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ஏத்தத்துல இழுக்கல, பம்ப்புல கொஞ்சம் டீசலைக் கூட்டி விடுங்க." நல்ல இன்ஜினுக்குக் கேடு பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

டீசலைக் கூட்டலாம், காற்றை யார் கூட்டுவது? காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் உள்ளே வாங்கும் காற்றுக்கு ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் போகும் டீசல் கரும்புகையாக வெளியேறும். எக்ஸாஸ்ட் சூடு ஏறி, பிஸ்டன் தலை உருகுமளவுக்கும் போய்விடும். இதே ஆசையில் பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் 8 மி.மீ. எலிமென்ட்டை (பிளஞ்சரும் அது ஓடும் உறையும்) கழற்றி 9 மி.மீ. போடுகிறவர்களும் உண்டு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால், பிளஞ்சர் அதே தூரம் நகரும்போது ஏறத்தாழ 27 சதவீதம் அதிக டீசலைத் தள்ளுகிறது. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பழைய நாசிலின் துளைக்கு அது அதிகம். பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பில் அழுத்தம் எகிறி, பிளஞ்சரைத் தள்ளும் கேமும் ரோலரும் அடி வாங்கும்.

பெரிய தவறு நடப்பது நாசிலில்தான். ஹோல்டரில் சரியாக உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைக்கிறோம். டிஎல்எல்ஏ 150 என்று தொடங்கும் நாசிலில் அந்த 150, டீசல் விரிந்து தெளிக்கும் கோணம். பிஸ்டன் தலையில் உள்ள குழியின் வடிவத்தைப் பார்த்துத்தான் அந்தக் கோணத்தை முடிவு செய்கிறார்கள். கோணம் அகன்றால் டீசல் குழிக்கு வெளியே அடிக்கும். சிலிண்டர் சுவரான லைனரில் பட்டு ஆயிலைக் கழுவி, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் கலக்கும். டிஎன் வகை ஊசி நாசில் வேறு சாதி. தனி அறையில் எரிந்து, பிறகு சிலிண்டருக்கு வரும் இன்ஜின்களுக்கானது அது. நேரடியாகப் பிஸ்டன் மேல் தெளிக்கும் இன்ஜினுக்கு ஆகவே ஆகாது.

நாசில் சரியாக இருந்தும் அதன் அடியில் போடும் செப்பு வாஷர் கெடுத்துவிடும். பழைய வாஷர் சிலிண்டர் ஹெட்டில் நாசில் இறங்கும் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கவனிக்காமல் மேலே புதிதைப் போட்டுவிடுவார்கள். நாசில் முனை ஒரு வாஷர் கனம் மேலேறும், தெளிப்பு இடம் மாறிவிடும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் இறக்குங்கள், இதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

உடைந்த பைப்புக்குப் பதில் கையில் கிடைத்ததை வளைத்துப் போடுவதும் கூடாது. நீளமோ உள்விட்டமோ மாறினால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் டீசல் இறங்கும் நேரமும் (டைமிங்) அளவும் பிசகும்.

தோட்டத்து பம்ப்செட் இன்ஜினில் டீசல் பம்ப்புக்கு அடியில், டைமிங்கைச் சரிசெய்ய வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எண்ணி, கனம் பார்த்து வைக்க வேண்டும். தகடு கூடினால் டீசல் தாமதமாக இறங்கும், ஆள் புகையோடு போராடுவார். குறைந்தால் முந்தும், இன்ஜின் தட்டும்.

எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புது காமன் ரெயில் வண்டிகளில், டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். பல மாடல்களில் மாற்றியதும் அதை ஸ்கேனர் வழியாக இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஐடிலிங் ஆடும், புகையும் வரும்.

பழைய பம்ப்பில் அந்த வேலையைச் செய்வது பக்கவாட்டில் எண் பொறித்து அடித்திருக்கும் தகடு. அதன் மேல் பெயின்ட் பூசாதீர்கள். அந்த எண் தெரிந்தால்தான் பம்ப்பை ஓட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் எந்த வேகத்துக்கு எவ்வளவு டீசல் என்று உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவில் வைக்க முடியும்.